பூட்டும் திறவுகோலும்

நுழையும்முன்

நூலும் பாடலும் திரைப்படமும் கணினிக் கோப்புகளாக மாறியபின், அவற்றைப் படியெடுப்பது நொடிப்பொழுதில் முடியும் செயலாயிற்று. படைத்தவரின் உரிமையைக் காப்பதற்காக மென்பொருளுக்குள்ளேயே பூட்டு அமைக்கும் முறை தோன்றியது. அப்பூட்டு எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தில் வலுவிழக்கிறது, யாருக்கு இடையூறாகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கட்டணம் செலுத்தித் திரைப்படம் பார்க்கும் செயலியில் ஒரு படத்தைப் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளலாம். இணையத் தொடர்பு இல்லாத பயணத்திலும் அப்படம் ஓடும். ஆனால், அந்தக் கோப்பை எடுத்து நண்பரின் திறன்பேசியில் வைத்தால் ஓடாது. படம் ஓடும்போது திரைப்பிடிப்பு எடுத்தால், பல கருவிகளில் கறுப்புக் கட்டம் மட்டுமே பதிவாகும். கோப்பு கையில் இருக்கிறது. படமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் படியெடுக்க இயலவில்லை. இவ்வாறு தடுப்பது செயலிக்குள் அமைந்த பூட்டு. இதனைக் கணினித் துறையினர் ‘டிஜிட்டல் உரிமை மேலாண்மை’ என்பர். சுருக்கமாக ‘டிஆர்எம்’ என்றும் வழங்குவர்.

படியெடுத்தலும் பதிப்புரிமையும்

கையால் எழுதிப் படியெடுத்த காலத்தில், ஒரு நூலின் மற்றொரு படியை உருவாக்கப் பல நாள்கள் தேவைப்பட்டன. அச்சுப்பொறி வந்தபின் ஒரே நூலை ஆயிரக்கணக்கில் அச்சிட முடிந்தது. அதன்பின், அச்சிடும் உரிமை யாருக்கு உரியது என்ற வினா வலுப்பெற்றது. 1710ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் சட்டம், அவ்வுரிமையை நூலாசிரியருக்கு வழங்கியது. அதற்குக் கால எல்லையையும் விதித்தது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இலக்கியம், இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு முதலிய படைப்புகளைக் காக்கிறது. கணினி நிரலும் இச்சட்டத்தின்படி இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை, அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். அதன்பின் அப்படைப்பு பொதுவுடைமையாகும். படைத்தவர் தம் உழைப்பின் பயனைப் பெறவேண்டும். உரிய காலத்திற்குப் பின் அப்படைப்பு மக்கள் அனைவருக்கும் சேரவேண்டும். இவ்விரு நோக்கங்களையும் சமன்செய்வதே பதிப்புரிமைச் சட்டத்தின் சாரம்.

மின்னணு வடிவம் இச்சமநிலையைக் குலைத்தது. ஒளிநகல் எடுத்த தாளை மீண்டும் ஒளிநகல் எடுத்தால் எழுத்து மங்கும். ஒலிநாடாவைப் படியெடுத்துப் படியெடுத்து வந்தால் இரைச்சல் மிகும். கணினிக் கோப்பில் இக்குறை இல்லை. நூறாவது படியும் முதற்படியும் வேறுபாடின்றி ஒன்றாகவே இருக்கும். படியெடுக்கும் செலவும் ஏறத்தாழ இல்லை. ஈராண்டு உழைத்து எழுதிய நூலோ, பல நூறு தொழிலாளர் உழைப்பில் உருவான திரைப்படமோ, வெளியான அன்றே உரிமையின்றிப் பரவக்கூடும். அதனால் இழப்பு அடைவோர் பெரிய நிறுவனத்தார் மட்டும் அல்லர்; எழுத்தாளர், பாடலாசிரியர், படத்தொகுப்பாளர், ஒளியமைப்பாளர் எனப் பலரின் அடுத்த வாய்ப்பும் இதனைச் சார்ந்தே அமைகிறது.

பெறுநரிடமே இருக்கும் திறவுகோல்

ஒரு செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றுவது மறையாக்கம். மாற்றியதை மீண்டும் பழைய வடிவிற்குக் கொண்டுவருவது மறைநீக்கம். இரண்டிற்கும் திறவுகோல் எனப்படும் ஓர் எண் தேவை. இக்காலத்தில் பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறை, 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தர முறையாக ஏற்கப்பட்டது. அதன் 128 பிட் திறவுகோலாக அமையத்தக்க எண்களின் மொத்தம், 39 இலக்கங்கள் கொண்ட ஒரு பேரெண் ஆகும். அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து உரிய திறவுகோலைக் கண்டறிவது, இன்றுள்ள கணினிகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்தாலும் இயலாது.

பூட்டு இத்துணை வலிமையானது என்றால் சிக்கல் எங்கே எழுகிறது? மடல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தம் நண்பருக்கு மறைமொழியில் மடல் விடுக்கிறார். விடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் நம்புகின்றனர். இடையில் நின்று ஒட்டுக்கேட்கும் மூன்றாமவரிடமிருந்தே மடலைக் காக்க வேண்டும். திறவுகோல் மூன்றாமவரிடம் இல்லாதவரை மடல் பாதுகாப்பாக இருக்கும்.

திரைப்படம் வழங்கும் நிறுவனத்தின் நிலை வேறு. படத்தைப் பார்க்க வேண்டியவரும் வாடிக்கையாளரே. அதனைப் படியெடுத்துப் பரப்பக்கூடும் என்று ஐயுறப்படுபவரும் அவரே. படம் ஓடவேண்டுமானால் அவருடைய கருவியிலேயே மறைநீக்கம் நிகழ வேண்டும். மறைநீக்கம் நிகழத் திறவுகோலும் அக்கருவிக்குள் வந்தாக வேண்டும். ஆகவே, பூட்டிய பெட்டி, திறவுகோல், அதனைத் திறக்கும் கை ஆகிய மூன்றும் ஓரிடத்திலேயே கூடுகின்றன. மின்னணுப் படைப்புகளைக் காக்கும் முயற்சிகள் யாவும் இந்த ஒரு முரணோடுதான் போராடி வருகின்றன.

இயங்குசூழல் என்னும் களம்

ஒரு நிரல், சேமிப்பகத்தில் இருக்கும்போது அசைவற்ற தரவாகவே கிடக்கிறது. அதனை இயக்கியதும் அது நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. மையச் செயலகம் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. இயங்குதளமும் துணைநிரல்களும் அதற்கு உதவுகின்றன. நிரல் உயிர்பெற்று இயங்குவதற்குத் தேவையான இவ்வமைப்பு முழுவதையும் இயங்குசூழல் என்பர். இணைய உலாவியும் இத்தகைய ஓர் இயங்குசூழலே.

பூட்டிய படம் இவ்வியங்குசூழலில் எவ்வாறு திறக்கிறது என்பதைப் படிநிலைகளாகக் காணலாம்.

முதலாவதாக, வழங்கும் நிறுவனம் படத்தை மறையாக்கம் செய்து தன் வழங்கியில் வைக்கிறது. கருவிக்கு வந்துசேர்வது இந்த மறைவடிவமே.

இரண்டாவதாக, படத்தை இயக்க முற்படும்போது செயலியிலுள்ள மறைநீக்கக் கூறு உரிம வழங்கியைத் தொடர்புகொண்டு, உரிமம் கோருகிறது. கட்டணம் செலுத்தியவரா, இக்கருவிக்கு இசைவு உண்டா என்பன போன்றவற்றை உரிம வழங்கி சரிபார்க்கிறது.

மூன்றாவதாக, உரிம வழங்கி படத்தின் திறவுகோலை அனுப்புகிறது. அத்திறவுகோலும் வெளிப்படையாக வருவதில்லை. குறிப்பிட்ட அந்தக் கருவி மட்டுமே பிரிக்கத்தக்க மற்றொரு மறையாக்கத்திற்குள் பொதியப்பட்டு வருகிறது. எத்தனை நாள் பார்க்கலாம் என்பது போன்ற நிபந்தனைகளும் உடன் வருகின்றன.

நான்காவதாக, மறைநீக்கக் கூறு படத்தைச் சிறுசிறு பகுதிகளாகத் திறந்து, உடனுக்குடன் திரைக்கு அனுப்புகிறது. முழுப் படமும் திறந்த வடிவில் சேமிப்பகத்தில் எழுதப்படுவதில்லை.

வங்கிப் பெட்டகத்தை இதற்கு ஒப்பிடலாம். வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். அவ்வாறே கருவிக்குள் இருக்கும் திறவுகோலும் உரிம வழங்கி தரும் திறவுகோலும் இணைந்தே படத்தைத் திறக்கின்றன. நண்பரின் திறன்பேசிக்கு மாற்றிய கோப்பு ஓடாமைக்கு இதுவே காரணம். கோப்பு சென்றது, முதற்கருவிக்கே உரிய திறவுகோல் அதனுடன் செல்லவில்லை.

உலாவிகள் இம்முறையில் இயங்குவதற்கான பொது இடைமுகத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தன் பரிந்துரையாக ஏற்றது. கட்டற்ற இணையத்தை வலியுறுத்துவோர் அதனை எதிர்த்தனர். நீண்ட விவாதத்திற்குப் பின்னரே அது நிறைவேறியது.

வெளிப்பட்ட திறவுகோல்

பூட்டு எவ்விடத்தில் வலுவிழக்கும் என்பதை டிவிடி வட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. வட்டிலுள்ள படங்களைக் காக்கச் சிஎஸ்எஸ் என்னும் பூட்டுமுறை பயன்படுத்தப்பட்டது. உரிமம் பெற்ற இயக்கிகளுக்கு மட்டும் திறவுகோல்கள் வழங்கப்பட்டன. வழிமுறையும் கமுக்கமாக வைக்கப்பட்டது.

வீட்டில் வைக்கும் இயக்கிக் கருவிக்குள் திறவுகோல் ஓரளவு மறைந்திருந்தது. ஆனால், கணினியில் டிவிடியை இயக்கும் மென்பொருள்களும் விற்பனைக்கு வந்தன. மென்பொருள் இயங்கும்போது அதன் கட்டளைகளையும் நினைவகத்தையும் கணினியின் உரிமையாளரால் ஆராய முடியும். அத்தகைய மென்பொருள் ஒன்று தன் திறவுகோலைப் போதிய அளவு மறைத்து வைக்கவில்லை. அதன் வாயிலாகப் பூட்டின் கமுக்கம் வெளிப்பட்டது. 1999ஆம் ஆண்டில் ‘டிசிஎஸ்எஸ்’ என்னும் மறைநீக்க நிரல் இணையத்தில் வெளியாயிற்று. அதனை வெளியிட்டவர்களுள் ஒருவர் நார்வே நாட்டைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். அப்போது அவருக்கு வயது 15.

அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. விலைகொடுத்து வாங்கிய வட்டைத் தம் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்னும் அடிப்படையில் 2003ஆம் ஆண்டில் நார்வே நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

சிஎஸ்எஸ் முறையில் இருந்தது 40 பிட் திறவுகோல். அதன் வழிமுறையே வலுவற்றது என்பதையும் ஆய்வாளர்கள் விரைவில் எடுத்துக்காட்டினர். ஆயினும் பூட்டு முதலில் திறந்தது கணக்கின் வலுவின்மையால் அன்று. இயங்குசூழலுக்குள் திறவுகோலைக் காக்க இயலாமையால்தான்.

தெரியுமா?

*மறையாக்க முறையின் வழிமுறை பகைவர் கையில் கிடைத்தாலும், திறவுகோல் ஒன்று மட்டும் மறைவாக இருந்தால் அம்முறை பாதுகாப்பாக விளங்க வேண்டும். மொழியறிஞர் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883ஆம் ஆண்டில் இக்கருத்தை வலியுறுத்தினார். மறையாக்கவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இது இன்றும் போற்றப்படுகிறது.*

கருவிக்குள் ஒரு காப்பறை

பொதுவான நினைவகத்தில் திறவுகோலை வைப்பது ஆபத்து என்பது புலனானபின், வன்பொருளின் துணை நாடப்பட்டது. இக்காலத் திறன்பேசிகள் பலவற்றின் சில்லுக்குள் தனித்ததொரு பகுதி அமைக்கப்படுகிறது. இதனை நம்பகமான செயலாக்கச் சூழல் என்பர். திறன்பேசியின் இயங்குதளம்கூட இப்பகுதிக்குள் எட்டிப்பார்க்க இயலாது. திறவுகோல் இங்கேயே இருக்கும். மறைநீக்கமும் இங்கேயே நிகழும். திறந்த படம் பொது நினைவகத்தைத் தொடாமல் பாதுகாக்கப்பட்ட வழியில் திரையைச் சென்றடையும். திரைப்பிடிப்பில் கறுப்புக் கட்டம் பதிவாவதன் காரணமும் இதுதான். திரைப்பிடிப்பு எடுக்கும் நிரல் பொது நினைவகத்தை மட்டுமே காண்கிறது. படம் அங்கு வருவதே இல்லை. இவ்வளவு வலிய காப்பறை இல்லாத கருவிகளில், பாதுகாக்கப்பட்ட காட்சியைத் திரைப்பிடிப்பில் சேர்க்க வேண்டாம் என்று செயலி இயங்குதளத்திற்கு அறிவுறுத்துகிறது.

கூகுள் நிறுவனத்தின் ‘வைட்வைன்’ என்னும் பாதுகாப்பு முறை, கருவிகளைப் பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கிறது. மறைநீக்கம் முழுவதும் காப்பறைக்குள் நிகழும் கருவி முதல்நிலையைச் சேர்ந்தது. மென்பொருளை மட்டும் நம்பியிருக்கும் கருவி மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. மூன்றாம் நிலைக் கருவிகளுக்குப் பல நிறுவனங்கள் குறைந்த தெளிவுள்ள படத்தையே அனுப்புகின்றன. ஒரே கட்டணம் செலுத்திய இருவருள் ஒருவர் திரையில் படம் தெளிவாகவும் மற்றவர் திரையில் சற்று மங்கலாகவும் தெரிவதற்கு, இப்பாதுகாப்பு நிலை வேறுபாடும் காரணமாகலாம்.

இக்காப்பறைக்கும் எல்லை உண்டு. படம் இறுதியில் ஒளியாகவும் ஒலியாகவும் வெளிப்பட்டே ஆகவேண்டும். திரைக்கு எதிரே ஒரு நிழற்படக் கருவியை வைத்துப் பதிவுசெய்வதை எந்த மறையாக்கமும் தடுக்காது. ஆகவே, படத்திற்குள் கண்ணுக்குப் புலப்படாத அடையாளக் குறிகளைப் பதிக்கின்றனர். திருட்டுப்படி வெளிவந்தால், அது எந்தக் கணக்கிலிருந்து அல்லது எந்தத் திரையரங்கிலிருந்து கசிந்தது என்பதைக் கண்டறிய அக்குறி உதவும்.

எல்லை மீறிய காவல்

பூட்டு வலுப்பெற வலுப்பெற, வாங்கியவரின் கருவிக்குள் அதன் அதிகாரமும் பெருகுகிறது. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட இசைவட்டுகள் சிலவற்றைக் கணினியில் இட்டபோது, படியெடுப்பதைத் தடுக்கும் நிரல் ஒன்று கணினியின் ஆழத்தில் ஒளிந்துகொண்டது. மென்பொருள் வல்லுநர் மார்க் ருசினோவிச் அதனைக் கண்டறிந்து, அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். அந்நிரல், பெயரின் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட குறியீடு கொண்ட எந்தக் கோப்பையும் கண்ணில் படாமல் மறைத்துவிடும். தீங்கு நிரல்களை எழுதுவோர் அம்மறைவிடத்தைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கினர். பாடலைக் காக்க வந்த நிரல், கணினியின் காவலைத் தளர்த்தியது. எதிர்ப்பு வலுத்ததால் நிறுவனம் அவ்வட்டுகளைத் திரும்பப் பெற்றது.

2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மற்றொரு நிகழ்வு நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகளை, உரிமை இல்லாத ஒருவர் அமேசான் தளத்தில் விற்றிருந்தார். அது தெரியவந்ததும், அந்நூல்களை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே நீக்கியது, பணத்தையும் திருப்பியளித்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், விடுமுறைக் காலப் பாடப்பணிக்காக அந்நூலைப் படித்துக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் மறைந்தபின் அக்குறிப்புகள் எந்த வரிக்கு உரியவை என்பதை அறிய இயலாமல் போயிற்று. நிறுவனத்தின் தலைவர் பின்னர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். உரிமையில்லாத விற்பனையைத் தடுத்தது முறையே; எனினும், வீட்டுக்குள் இருக்கும் நூலை விற்றவர் அறிவிப்பின்றி எடுத்துச்செல்லலாமா என்னும் வினா அன்று எழுந்தது. மின்நூலை வாங்குவோர் பெரும்பாலும் பெறுவது நூலை அன்று. அதனைப் படிப்பதற்கான இசைவையே ஆகும்.

பூட்டு அறியாதவை

சட்டம் விதிவிலக்குகளையும் கால எல்லையையும் அறியும். பூட்டு அவற்றை அறியாது. பாரதியாரின் படைப்புகளுக்கான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949ஆம் ஆண்டில் பெற்றது. பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கியது. யாரும் அவற்றை அச்சிடலாம், பாடலாம், பகிரலாம். ஆனால், அத்தகைய பொதுவுடைமைப் படைப்பு பூட்டிய கோப்பாக விற்கப்படுமானால், அந்தக் கோப்பைப் படியெடுக்கப் பூட்டு இசையாது. 60 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதோ, உரிமை மக்களுக்கு வழங்கப்பட்டது என்பதோ அதற்குத் தெரியாது.

பார்வைக்குறையுடைய மாணவர், நூலை உரக்கப் படிக்கும் மென்பொருளின் துணையால் கற்கிறார். பூட்டிய கோப்பிலிருந்து எழுத்தை எடுக்க இயலாத நிலையில் அம்மென்பொருள் வாயடைத்துப் போகும். 2009ஆம் ஆண்டில் கிண்டில் கருவி உரக்கப் படிக்கும் வசதியோடு வந்தபோது, ஒலிநூல் உரிமை பாதிக்கப்படும் என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. அதன்பின், நூல்தோறும் அவ்வசதியை நிறுத்திவைக்க உரிமையாளருக்கு அமேசான் இடமளித்தது. எழுத்தாளரின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. கண்ணால் படிக்க இயலாதவரின் தேவையோ அதனினும் அடிப்படையானது.

இக்குறையை நீக்க உலக நாடுகள் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் மொராக்கோவின் மராக்கேசு நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. பார்வைக்குறையுடையோருக்காக நூல்களை உரிய வடிவத்திற்கு மாற்றவும் நாடுகளுக்கிடையே பகிரவும் அது வழிவகுத்தது. 2014ஆம் ஆண்டில் அதனை முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, மின்னணுப் பூட்டுக்குச் சட்டத்தின் துணையை அளிக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் தண்டத்தொகையும் விதிக்க அது இடமளிக்கிறது. ‘நோக்கத்தோடு’ என்னும் சொல் இங்கு முதன்மையானது. சட்டம் தடைசெய்யாத செயல்களுக்கும் மறையாக்க ஆய்வு, பாதுகாப்புச் சோதனை போன்றவற்றிற்கும் அப்பிரிவு விலக்களிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் படைப்புகளை மாற்றுவதற்கும் அதே ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடைசெய்து, சில செயல்களுக்கு மட்டும் விலக்களிக்கிறது. இந்தியச் சட்டமோ, எதற்காக உடைக்கப்பட்டது என்று வினவுகிறது.

நிறைவாக

இயங்குசூழலுக்குள் அமைந்த பூட்டு, படைப்பைப் பறிகொடுக்காமல் விற்பதற்குப் படைப்பாளருக்கு வழிசெய்கிறது. திருட்டுப்படி பரவும் விரைவைக் குறைக்கிறது. ஆனால், அது முழுக்காவல் ஆகாது. திறவுகோல் வாங்கியவரின் கருவிக்கு வந்தே தீரும் என்பதால், திறன்மிக்க எவரேனும் ஒருநாள் அதனைக் கண்டறியக்கூடும். ஆப்பிள் நிறுவனம் தன் இசை விற்பனையில் பூட்டினை நீக்குவதாக 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. பூட்டின்றியும் பாடல்கள் விலைக்கு விற்றன. எளிதாகவும் ஏற்ற விலையிலும் கிடைக்கும் படைப்பை விலைகொடுத்தே பெற மக்கள் முன்வருவர் என்பதற்கு அது சான்றாயிற்று.

படைத்தவரின் உழைப்பு மதிக்கப்படுவதற்குப் பூட்டு ஒரு துணை மட்டுமே. வாங்கியவரின் கருவியை அது கெடுத்தலாகாது, படிக்க இயலாதவரை விலக்கி நிறுத்தலாகாது, பொதுவுடைமையானதைத் தனியுடைமையாக்கலாகாது. இவ்வெல்லைகளை வகுப்பது கணினியால் ஆகும் செயல் அன்று. பூட்டை வடிவமைக்கும் பொறியாளரும், சட்டம் இயற்றுவோரும், விலைகொடுத்து வாங்கும் மக்களும் சேர்ந்தே அதனைச் செய்ய வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. வங்கிப் பெட்டகத்திற்கும் மின்னணுப் பூட்டிற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

2. ‘விலைகொடுத்து வாங்கிய மின்நூலை நண்பருக்கு இரவலாகத் தரும் உரிமை வேண்டும்’ – இக்கருத்திற்கு ஆதரவாகவும் எதிராகவும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீங்கள் எழுதிய கதை ஒன்றை மின்நூலாக வெளியிடுவதாகக் கொள்க. அதனைப் பூட்டி வெளியிடுவீர்களா, பூட்டாமல் வெளியிடுவீர்களா என்பதைக் காரணங்களோடு ஒரு பக்க அளவில் எழுதுக.